மழை நின்ற பிறகு வரும் வெள்ளம்: ஒகவாங்கோவுக்குச் சொந்தமாக வண்டி ஓட்டிப் போகலாமா?

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை. மனைவி, பத்து வயது மகனோடு ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, போட்ஸ்வானாவின் மவுன் நகரிலிருந்து மொரேமி வனவிலங்குக் காப்பகம், க்வாய், சவுட்டி வழியாகக் கசானே வரை ஓட்டிப் போக ஆசை. ஊரில் இருந்தபோது மஹிந்திரா தாரில் மலைப்பாதை ஓட்டிய பழக்கம் உண்டு. "ஹைலக்ஸ் போதுமா, லேண்ட் க்ரூசர்தான் வேண்டுமா? ஸ்நார்கெல் அவசியமா?" என்பது அவர் எழுதிய கேள்வி. (ஸ்நார்கெல் என்பது எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்.) ஆனால் படித்துப் பார்த்தால் அவர் கேட்பது வண்டியைப் பற்றி அல்ல. ஒற்றை வண்டியில், முதல் தடவையாக, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒகவாங்கோ சதுப்பு நிலத்துக்குள் போனால் முழுசாகத் திரும்பி வருவோமா என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் மவுனில் ஒரு பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். மெக்கானிக்காகப் போய் ஃபோர்மேனாகத் திரும்பினேன். எங்களிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் சுற்றுலாக்காரர்கள் எடுத்த வாடகை வண்டிகள், அவற்றிலும் பல கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டவை. சிங்கம், சிறுத்தை பற்றியெல்லாம் அந்த ஊர் வழிகாட்டிகளுக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே எது உடையும், ஏன் உடையும் என்பது நன்றாகத் தெரியும். அதை வைத்துச் சொன்னால், ஹைலக்ஸ் போதும், ஸ்நார்கெல் வேண்டாம். மாற்ற வேண்டியது மாதத்தை. மாதத்தை மாற்ற முடியாதென்றால் வழியைப் பாதியாகக் குறையுங்கள்.

மாதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அங்கே வெள்ளமும் மழையும் சேர்ந்து வருவதில்லை. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளாக இறங்கி, ஒன்று சேர்ந்து, நமீபியாவின் ஒடுங்கிய நிலப்பட்டையைக் கடந்து, மொஹெம்போ என்ற இடத்தில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அங்கே வெள்ளம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் ஏப்ரல் வாக்கில். அங்கிருந்து மவுன் வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர், மொத்த இறக்கமோ 60 மீட்டர் சொச்சம்தான். பாபிரஸ் கோரையும் நாணலும் மறிக்க, கலஹாரி மணல் குடிக்க, தண்ணீர் தவழ்ந்துதான் வருகிறது. மவுனை எட்டும்போது ஜூன், ஜூலை ஆகிவிடும். அப்போது மவுனில் குளிர்காலம். கடைசி மழை பெய்து இரண்டு மூன்று மாதம் ஆகி, சுற்றிலும் புழுதி பறக்கும். மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே தெருவோரத்து ஆறு ஒரு காலையில் நனையத் தொடங்கும். முதலில் ஈரக்கறை, அப்புறம் நுரையும் சருகுமாக ஒரு நாக்கு, நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்தில் நகர்ந்து வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே வருவார்கள். இந்த ஆற்றுக்குக் கடல் கிடையாது. வந்த தண்ணீரில் மிகச் சிறு பங்குதான் மவுனைத் தாண்டித் தமலகானே, போட்டேட்டி ஆறுகளில் போகும். மற்றதில் பெரும்பகுதி ஆவியாக மேலே போய்விடும். மவுன்தான் கடைமடை.

ஆக, "ஜூன் வறண்ட மாதம், மழை இல்லை, பாதை நன்றாக இருக்கும்" என்று வானிலை அட்டவணையைப் பார்த்து முடிவு செய்பவர் நேராக வெள்ளத்துக்குள் போய் நிற்பார். மொரேமியின் உட்பகுதி, குறிப்பாக மூன்றாம் பாலம் என்று பெயருள்ள இடமும் ககனகா பக்கமும் (எழுதும்போது எக்ஸ் எழுத்தில் தொடங்கும், வாயால் சொன்னால் ககனகா), நல்ல வெள்ள வருஷத்தில் ஜூன், ஜூலையில் துண்டு துண்டாக அறுந்து கிடக்கும். அங்கே பாலங்கள் மொபானி என்ற மரத்தின் கழிகளை அடுக்கிக் கட்டியவை. ஏறினால் கடகடவென்று சத்தம் போடும், கழிகள் காலுக்குக் கீழே உருளுவதுபோல இருக்கும். பயமாக இருந்தாலும் அவை தாங்கும். சிக்கல் பாலத்தில் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முப்பது நாற்பது மீட்டர் தண்ணீருக்கடியில் இருக்கும் பாதையில்தான்.

இன்ன தேதியில் இன்ன இடத்தில் இவ்வளவு தண்ணீர் என்று ஜனவரியிலேயே யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2011-ல் பார்த்த வெள்ளமும் 2019-ல் பார்த்த வறட்சியும் ஒரே ஊரில் நடந்தவை என்று சொன்னால் நம்ப முடியாது. 2019-ல் மவுன் பாலத்துக்கடியில் மாடுகள் புல் தேடித் திரிந்தன. சவுட்டி வாய்க்கால் இன்னும் வினோதம். 1980-களின் தொடக்கத்தில் வற்றிய அது, ஏறக்குறைய கால் நூற்றாண்டு காய்ந்து கிடந்து, 2010 வாக்கில் மறுபடி பெருக்கெடுத்தது, பிறகு திரும்பவும் சுருங்கியது. நிலத்தடியில் பிளவுகள் நகர்வதும், கோரை ஒரு வாய்க்காலை அடைப்பதும், நீர்யானைகள் இன்னொன்றைத் திறப்பதும் சேர்ந்து தண்ணீரின் போக்கை மாற்றுகின்றன. நீங்கள் செய்யக்கூடியது, மொஹெம்போவில் நீர்மட்டம் எவ்வளவு என்று ஏப்ரல், மே மாதங்களில் கவனிப்பது. மவுனிலேயே ஒகவாங்கோ ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அந்த அளவுகளைக் கவனித்து வருகிறார்கள். அப்புறம், புறப்படும் நாளன்று காலையில் மொரேமி தெற்கு வாசலில் நிற்கும் வனத்துறை ஊழியரைக் கேட்பது. அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. கைபேசி வரைபடம் காட்டும் பாதை தண்ணீருக்கு மேலேயா கீழேயா என்பது அந்த வரைபடத்துக்குத் தெரியாது.

ஸ்நார்கெல் விஷயத்துக்கு என் சொந்தக் கதையையே சொல்கிறேன். நான்காவது வருஷம், ஜூலை மாதம், நண்பரோடு க்வாய் ஆற்றோரம் போனேன். வண்டி லேண்ட் க்ரூசர், ஸ்நார்கெல் வைத்தது. தண்ணீர் ஓர் இருபது மீட்டர் அகலம். இந்தக் கரையில் சக்கரத் தடம் உள்ளே இறங்கியிருந்தது. யாரோ போயிருக்கிறார்கள், நாமும் போகலாம் என்று இறக்கிவிட்டேன். அந்தத் தடம் வெள்ளம் வருவதற்கு முன்பு பதிந்தது என்பதும், எதிர்க்கரையில் ஈரத்தடம் ஏதும் ஏறவில்லை என்பதும் பிறகுதான் உறைத்தது. நடுவில் நீர்யானை நடந்து நடந்து வெட்டிய ஒரு தடம், குறுக்கே வாய்க்கால்போல. முன்சக்கரம் அதில் இறங்கியதும் பானட் மேல் தண்ணீர் ஏறியது. ஸ்நார்கெல் தன் வேலையைச் செய்தது, எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆனால் சுற்றிக்கொண்டிருந்த விசிறி தண்ணீரில் மோதி, முன்பக்கமாக வளைந்து, ரேடியேட்டரை வட்டமாக அறுத்துவிட்டது. நாலு மணி நேரம் கூரைமேல் உட்கார்ந்திருந்தோம். நாற்பது மீட்டர் தள்ளி நீர்யானைகள் காதை ஆட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. சாயங்காலம் ஒரு முகாமுக்குச் சரக்கு ஏற்றிப் போன லாரிக்காரர் இழுத்துவிட்டார். மறுநாள் டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, சுருக்கமாக டிஃப்) ஆயிலை இறக்கினால் பால் விட்ட காபி மாதிரி வழிகிறது. சூடாக ஓடி வந்த டிஃப் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே காற்று சுருங்கும், அப்போது பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முதலாளி ஒன்றும் திட்டவில்லை. வாடிக்கையாளருக்குப் போடுவதுபோலவே பில் போட்டுக் கையில் கொடுத்தார்.

அதனால் என் தீர்ப்பு இது. சக்கரத்தின் நடு மையம் வரை தண்ணீர் என்றால், அதுவும் உங்கள் கண் முன்னால் இன்னொரு வண்டி கடந்துபோனால், நீங்களும் போகலாம். அதற்கு மேல் என்றால் திரும்புங்கள். மற்ற ஊர்களில் "முதலில் கால் வைத்து நடந்து பார்" என்பார்கள், இங்கே முதலையும் நீர்யானையும் இருப்பதால் நடந்து பார்க்கக் கூடாது. ஆழம் தெரியாத தண்ணீரைக் கடக்க ஒரே நல்ல வழி, கடக்காமல் இருப்பது. கடக்கும்போது லோ ரேஞ்சில் இரண்டாவது கியர், ஆள் நடக்கும் வேகம், நடுவில் கியர் மாற்றக் கூடாது, ஏசியை அணைத்துவிட வேண்டும். எஞ்சின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எங்கள் பட்டறைக்கு வந்த மிகப் பெரிய பில்கள் எல்லாம் அந்த இரண்டாவது செல்ஃப் அடித்ததால் வந்தவை. இன்னொன்று, வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பெரும்பாலும் காப்பீடு கிடையாது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஆனால் உள்ளபடியே சொன்னால், தண்ணீரில் மூழ்கியவர்களைவிட மணலில் புதைந்தவர்களே அதிகம். மலைப்பாதைப் பழக்கம் இங்கே அதிகம் உதவாது. மலையில் பிடி கிடைக்க நிதானம் வேண்டும், மணலில் மிதக்க வேண்டும். மிதக்க வைப்பது டயரின் காற்று. தார்ச்சாலை ஷொரோபே கிராமத்தோடு முடிந்ததும் 26 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், கனத்த மணல் வந்ததும் 18, 20. புதைந்துவிட்டால் 12 வரைகூட. புதைந்தவுடன் ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடும். நிறுத்துங்கள், இறங்குங்கள் (முதலில் சுற்றிலும் பாருங்கள், பிறகு இறங்குங்கள்), சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் மண்வெட்டியால் வாருங்கள், காற்றை இறக்குங்கள், வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். பத்தில் எட்டு முறை வந்துவிடும். காலையில் மணல் கெட்டியாக இருக்கும், மதியம் இளகிவிடும் என்பது அங்கே ஓட்டுகிற எல்லோரும் சொல்வது, என் அனுபவமும் அதுதான். மணலுக்கிடையில் காற்று சூடாகி விரிவதால் என்று காரணம் சொல்வார்கள். காரணம் எப்படியோ, சவுட்டிக்குப் போகிற நாளில் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். காற்றை இறக்கியதற்கு ஒரு விலை உண்டு. டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், பாதையோரம் உடைந்து நிற்கும் மொபானிக் கட்டை அதைக் கிழிக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. அதனால் ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு கேளுங்கள். காற்றடிக்கும் கம்ப்ரஸரும் வேண்டும், அதை வண்டியை எடுக்கும் இடத்திலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மபாபே பள்ளத்தில் மணல் இல்லை, கரிசல் மண். காய்ந்திருந்தால் பல் ஆடும் குலுக்கல், அவ்வளவுதான். ஜனவரி, பிப்ரவரி மழையில் நனைந்துவிட்டால் எந்த வண்டியும் எந்த டயரும் அங்கே செல்லாது. ஜூனில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

யாரும் எச்சரிக்காத ஒன்று புல். மழைக்காலம் முடிந்து மார்ச் முதல் ஜூன் வரை, பாதையின் நடுமுதுகில் புல் இடுப்பளவு நிற்கும், விதை முற்றியிருக்கும். வண்டி அதைத் தடவிக்கொண்டே போகும்போது விதைகள் ரேடியேட்டர் துளைகளில் போய் அடையும். ஒரு முறை கொதித்து நின்ற வண்டியின் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால், கம்பளி மாதிரி ஒரு விரற்கடை கனத்துக்கு விதை படிந்திருந்தது. பிரஷ் போகவில்லை, குறடால் பிய்த்து எடுத்தோம். முன்னால் ஒரு நிழல்வலைத் துணியைக் கட்டி, மணிக்கு ஒரு தடவை உதறினால் இது வராது. அதைவிட மோசம், வண்டிக்கு அடியில் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே புல் திணிந்துகொள்வது. அங்கே வெப்பம் சாதாரணமானதல்ல. புகை வாசனை வரும்போது பாதி எரிந்திருக்கும். தீப்பிடித்து வெறும் சட்டமும் ரிம்மும் மிஞ்சிய ஒரு வண்டியை நாங்கள் லாரியில் ஏற்றி வந்திருக்கிறோம். ஆட்கள் தப்பித்தார்கள், பாஸ்போர்ட்கூட மிஞ்சவில்லை. புல் வழியாக ஓட்டினால் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நின்று அடியில் குனிந்து பாருங்கள். ஒரு நீளக் கம்பிக் கொக்கியும் தீயணைப்பானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், மூட்டைக்கு அடியில் அல்ல.

மவுனை விட்டால் கசானே வரை பங்க் கிடையாது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் வண்டி மணலில் பதினைந்து முதல் இருபது வரை குடிக்கும். வரைபடத்தில் 400 கிலோமீட்டர் என்றாலும், விலங்கு பார்க்கச் சுற்றுவது, தண்ணீர் மறித்துத் திரும்புவது எல்லாம் சேர்ந்தால் எழுநூறைத் தொடும். க்வாயிலிருந்து சவுட்டி வரை நூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். பூங்காவுக்குள் வேகவரம்பு 40, இரவில் ஓட்டத் தடை. பெரும்பாலான இடங்களில் கைபேசி சிக்னல் இருக்காது, சாட்டிலைட் போன் வாடகைக்குக் கிடைக்கும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். முகாம் இடங்களை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும், பதிவுச் சீட்டு இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கால்நடை நோய் பரவாமல் இருக்கப் போட்ட எருமை வேலியைத் தாண்டி வடக்கிலிருந்து தெற்கே பச்சை மாட்டிறைச்சி கொண்டுவர விடமாட்டார்கள், சோதனைச் சாவடியில் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

மகனைப் பற்றி. அங்கே முகாம்களுக்கு வேலி கிடையாது. யானை உங்கள் அடுப்புக்கும் வண்டிக்கும் நடுவே நடந்து போகும், கழுதைப்புலி வெளியே விட்ட செருப்பைத் தூக்கிப் போகும். கூரைமேல் கூடாரம் உள்ள வண்டியாக எடுங்கள். இருட்டிய பிறகு பையன் கை எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும், கழிப்பறைக்குக்கூடத் தனியாக வேண்டாம், ஐம்பதடி தூரம் என்றாலும் வண்டியில் போங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை எடுத்துப் போகாதீர்கள், வாசனைக்கு யானை வண்டியைக் குடைந்துவிடும் என்பது அந்த ஊர் அறிவுரை. ஆரஞ்சுக்காக நெளிந்த கதவு என்று ஒன்றைத்தான் நானே நிமிர்த்தியிருக்கிறேன், அதுவும் உரிமையாளர் சொன்ன காரணம். மலேரியா அந்தப் பக்கம் உண்டு, குளிர்காலத்தில் குறையும், ஒழிவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது, மெக்கானிக் சொல்லக் கூடாது.

செப்டம்பர் கடைசியில் உங்களுக்கு இன்னொரு சின்ன விடுமுறை வருமே, அதில் போக முடிந்தால் அதுதான் என் முதல் யோசனை. தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும், புல் காய்ந்து மிதிபட்டிருக்கும், விலங்குகள் மிச்சத் தண்ணீரைத் தேடி ஒரே இடத்தில் கூடும். வெயில் மட்டும் வாட்டும். அப்போது நீங்கள் நினைத்த முழு வழியையும் போகலாம், ஆனால் இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு இரண்டு வண்டியாக. மவுனில் எங்களிடம் இழுத்து வரப்பட்ட வண்டிகளில் இரண்டு வண்டியாகப் போனவர்களுடையது மிகக் குறைவு. அவர்கள் ஒருவரையொருவர் அங்கேயே இழுத்துக்கொண்டார்கள்.

ஜூன்தான் என்றால், மவுனிலிருந்து தெற்கு வாசல், அங்கிருந்து வடக்கு வாசல் வழியாக க்வாய், அதே வழியில் திரும்பி மவுன். ஐந்து இரவு, தனி வண்டியிலேயே போதும். மூன்றாம் பாலத்தை வாசலில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள், சவுட்டியை விட்டுவிடுங்கள். மிச்சமாகும் நாளில் மவுனுக்குப் பக்கத்திலிருந்து மொகோரோவில் போங்கள். முன்பு பெரிய மரங்களைக் குடைந்து செய்த ஓடம், இப்போது மரத்தைக் காப்பாற்றுவதற்காக ஃபைபரில் வார்க்கிறார்கள். பின்னால் நின்று கழி ஊன்றுபவர் பெரும்பாலும் அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவராக இருப்பார். எனக்குக் காடு கொஞ்சமாவது புரிந்தது வண்டி ஓட்டியதில் அல்ல, அவர்களோடு உட்கார்ந்து போனதில்தான். க்வாயில் கொஞ்ச நேரம் கிராமத்தாரோடும் பேசுங்கள். 1963-ல் அந்தப் பகுதியின் பட்டவானா இன மக்கள் தாங்களாகவே தங்கள் வேட்டை நிலத்தை ஒதுக்கி மொரேமியை உருவாக்கினார்கள் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், அது உண்மைதான். அதற்குள்ளே வாழ்ந்த பசார்வா (சான் பழங்குடி) குடும்பங்கள் வெளியே அனுப்பப்பட்டுத்தான் க்வாய் கிராமம் வந்தது என்பதும் உண்மை. அதைக் கிராமத்துப் பெரியவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் வண்டியை ஒப்படைக்கும் முன் மவுனில் ஏதாவது ஒரு பட்டறையில் நிறுத்தி, டிஃப் நிரப்பும் திருகைக் கழற்றச் சொல்லி, உள்ளே சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் கலந்த மாதிரி இருந்தால் அங்கேயே மாற்றிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கண்டும் காணாமல் ஜோகன்னஸ்பர்க் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும், அதற்கு வரும் பில்லில் இன்னொரு தடவை ஒகவாங்கோ போய்வந்துவிடலாம்.